பரிந்துரைக் கடிதம் கொடுத்த பிறகு: பந்தலூர் பகுதிப் பள்ளியில் ஒரு பிளஸ் 1 மாணவர்

மனச்சோர்வில் இருந்த ஒரு மாணவரைப் பள்ளி எப்படிக் கண்டறிந்து மருத்துவரிடம் சேர்த்தது என்பது பற்றிய குறிப்பு இது. மாணவர், தாயார் இருவரின் ஒப்புதலோடு எழுதப்பட்டது. அடையாளம் தெரியாதிருக்கக் குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். நடந்தவற்றின் வரிசையிலும் எடுத்த முடிவுகளிலும் கை வைக்கவில்லை.

பின்னணி

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள், சிறு விவசாயிகளின் வீடுகள், பழங்குடிக் குடியிருப்புகள் என்று பல இடங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுபவரும் மலையாளம் பேசுபவரும் பணியர் மொழி பேசுபவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் சாலையில் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும், முதல் பாடவேளை போய்விடும். மாலை மணியடித்ததும் புறப்படும் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். அந்த நேரத்தில் தோட்டத்துப் பாதையில் பிள்ளையைத் தனியாக நடக்க யாரும் விடமாட்டார்கள். 'பள்ளி முடிந்ததும் ஆலோசனை' என்று சமவெளியில் எழுதப்படும் திட்டங்கள் இங்கே எடுபடாததற்கு இது ஒன்றே போதும்.

மனநலத்துக்கென்று பள்ளியில் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் 'மனநல ஆலோசனை அறை' என்று பலகை மாட்டிய ஓர் அறை இருந்தது. பயிற்சி பெற்ற பொறுப்பு ஆசிரியை ஒருவர் இருந்தார். மூன்று பள்ளிகளுக்குப் பொதுவான ஆலோசகர் வாரம் ஒரு நாள் வந்தார். 'மாணவர் மனசு' பெட்டி இருந்தது. அதில் கழிப்பறைத் தண்ணீர் பற்றிய புகார்களே அதிகம். 14417, 1098 உதவி எண்கள் சுவரில் எழுதப்பட்டிருந்தன. இத்தனை இருந்தும், அந்தக் கல்வியாண்டின் முதல் மூன்று மாதங்களில் அந்த அறைக்குத் தானாக வந்த மாணவர் ஒருவர்கூட இல்லை.

மாணவருக்கு வயது 16. தாயார் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தந்தை திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருப்பவர்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் குடியமர்ந்த குடும்பம். அருகில் இருக்கும் நெருங்கிய உறவு தாய்மாமன். குத்தகை நிலத்தில் இஞ்சி போடுகிறார். மாணவர் பத்தாம் வகுப்பில் 500க்கு 412 வாங்கியவர், கபடி அணியில் இருந்தவர். போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

ஜூலை முதல் செப்டம்பர் வரை கவனித்தது

அறிகுறிகள் எல்லாம் கண்ணில் பட்டன, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நோட்டில் கிடந்தது. தாமத வருகைப் பதிவேட்டில் செப்டம்பரில் மட்டும் இவர் பெயர் 11 முறை இருந்தது. கடைசிப் பதிவுக்கு எதிரே சிவப்பு மையில் 'அடுத்த முறை டி.சி.' என்று எழுதியிருந்தது. அதே பஸ்ஸில் வந்த மற்ற நால்வரின் பெயர் ஐந்தாறு முறைதான். மிச்ச நாட்களில் பஸ் நேரத்துக்கு வந்திருக்கிறது, இவர் அதில் ஏறவில்லை. வகுப்பு ஆசிரியரிடம் தலைவலி, வயிற்றுவலி என்று விடுப்புக் கடிதங்கள் இருந்தன. ஆகஸ்ட் நடுவில் கபடிப் பயிற்சிக்கு வருவது நின்றதை உடற்கல்வி ஆசிரியர் மட்டுமே அறிவார். வேதியியல் வகுப்பில் தூங்கினார். பக்கத்துப் பையனோடு அடிதடி நடந்து, இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார். காலாண்டுத் தேர்வில் மூன்று பாடங்களில் தோல்வி.

ஆசிரியர் அறையில் இதற்கு மூன்று விளக்கங்கள் புழங்கின: போன், காதல், திமிர். வளரிளம் பருவத்து மனச்சோர்வு அழுமூஞ்சியாகத்தான் வரும் என்ற எண்ணம் ஆசிரியர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆண் பிள்ளைகளிடம் அது பெரும்பாலும் எரிச்சலாகவும் சண்டையாகவும், காரணம் பிடிபடாத உடம்புவலியாகவும் வெளிப்படும். அதனால்தான் அது மருத்துவரிடம் போவதற்கு முன் ஒழுங்கு நடவடிக்கையில் போய் விழுகிறது.

ஜூலையில் பிளஸ் 1 மாணவர் அனைவருக்கும் ஒன்பது கேள்வி மனச்சோர்வுப் படிவம் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஒரே கூடத்தில் முழங்கை இடிக்க உட்கார்ந்து எழுதினார்கள். தாள்களை வாங்கியது வகுப்புத் தலைவன். இவர் ஒன்பதிலும் 0 போட்டிருந்தார். அந்தச் சூழலில் வேறு எதைப் போட்டிருக்க முடியும்? தவறு அதோடு முடியவில்லை. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் குறித்தது. அதில் 0 அல்லாத எந்த விடை வந்தாலும் அந்த மாணவரிடம் அன்றைக்கே ஒருவர் தனியாகப் பேச வேண்டும். தாள்கள் மூன்று வாரம் பீரோவில் இருந்தன. பார்க்க ஆளில்லாத நாளில் அந்தப் படிவத்தைக் கொடுக்கவே கூடாது.

அக்டோபர் முதல் வாரம்

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது ஒரு நண்பன். இரவு ஒரு மணிக்கு மேல் வரும் செய்திகளுக்குப் பதில் போட்டுக்கொண்டே இரண்டு வாரமாக விழித்திருந்த பையன் அவன். கடைசியாக வந்த ஒரு செய்தியை உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டினான். அவர் பையனை விசாரிக்கக் கிளம்பாமல், நேரே பொறுப்பு ஆசிரியையிடம் போனார். அது சரியான முடிவு.

ஆசிரியை ஆலோசனை அறையைத் தவிர்த்து, நூலகத்தின் பின்மேசையில் பேசினார். தொடங்கும்போதே எதை வெளியே சொல்லமாட்டேன், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பிரித்துச் சொன்னார். மாணவர் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் நிலை, வேறொருவர் அவரைத் துன்புறுத்தும் நிலை, அவரால் வேறொருவருக்கு ஆபத்து வரும் நிலை ஆகிய மூன்றும் ரகசியத்தில் அடங்கா. பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி புகார் கொடுப்பது கடமை, ஆசிரியர் யோசித்து முடிவெடுக்கும் விஷயம் அல்ல. இதைக் கடைசியில் சொல்வது நம்பவைத்து ஏமாற்றியதாக ஆகிவிடும்.

"நல்லா தூங்குறியா தம்பி?" என்று கேட்டிருந்தால் "ம்" என்று பதில் வந்திருக்கும். "காலையில எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்று கேட்டார். "மூணு மணிக்கு மிஸ். அப்புறம் தூக்கம் வராது. விடிஞ்சா எழுந்திரிக்க முடியல." பஸ்ஸை விட்டதன் காரணம் அந்த ஒரு பதிலில் இருந்தது. படிவத்தை அங்கேயே தனியாக நிரப்பச் சொன்னபோது மொத்தம் 16, ஒன்பதாவது கேள்வியில் 1. பத்தைத் தொட்டாலே மருத்துவ மதிப்பீடு தேவை.

அடுத்து நேராகக் கேட்டார்: "செத்துப்போயிரலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்தது போலாகிவிடும் என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. கேட்கப்படுவது பெரும்பாலும் பாரத்தைக் குறைக்கிறது. தோன்றுகிறதா, எப்படி என்று யோசித்ததுண்டா, இன்றைக்குச் செய்யும் எண்ணம் உண்டா என்ற மூன்று கேள்விகளும் இதே வரிசையில் வர வேண்டும். முதலாவதற்கு 'சில நாள்' என்றும் மற்ற இரண்டுக்கும் 'இல்லை' என்றும் பதில் வந்தது. மூன்றாவதற்கு 'ஆம்' என்றிருந்தால் ஒரு நொடிகூடத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். பதில் அப்படி இல்லாததால், தாயாருக்கு அன்றே தெரிவிப்பது, பாதுகாப்புத் திட்டம் எழுதுவது, ஒரு வாரத்துக்குள் மனநல மருத்துவர் என்று முடிவானது.

வீட்டுக்குப் போகவில்லை. லைன் வீட்டுக்கு ஆசிரியர் வந்தால் சுவரோடு சுவராக இருக்கும் அத்தனை வீட்டுக்கும் செய்தி போய்விடும். தோட்டத்தில் பறிப்பு முடியும் நேரத்தில் போன் செய்து, தாயாரையும் தாய்மாமனையும் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன், கயிறு கட்டினேன். வாயே தொறக்க மாட்டேங்கிறான் டீச்சர்" என்றார் தாயார். இது போலீஸ் கேஸாகிவிடுமா என்று மாமன் கேட்டார். எண்ணம் குற்றமில்லை என்றும், முயன்று பிழைத்தவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது என்றும் விளக்கினார்கள்.

பாதுகாப்புத் திட்டம் ஒரே பக்கம். எந்த அறிகுறி தெரிந்தால் நிலைமை மோசமாகிறது, தனியாக என்ன செய்து பார்க்கலாம், யாரிடம் போகலாம், எந்த எண்ணை அழைக்கலாம், வீட்டில் எதை எட்டாமல் வைப்பது என்பவை அதில் உண்டு. இரண்டு இடங்களில் வழக்கமான வடிவம் பொருந்தவில்லை. 24 மணி நேரமும் தமிழில் கிடைக்கும் மனநல உதவி எண்ணான 14416-ஐ எழுதினால், வீட்டில் சிக்னல் இல்லை. கோயில் முக்கில்தான் கிடைக்கும், இரவில் அங்கே போக முடியாது. அதனால் இரவு என்றால் முதலில் அம்மாவை எழுப்புவது, பிறகு நான்காவது வீட்டுச் சித்தி என்று திட்டத்தில் எழுதினார்கள். அடுத்து, மாமனின் இஞ்சித் தோட்டத்துப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இவர்கள் வீட்டு அடுக்களைப் பரணில் இருந்தன. அன்று மாலையே மாமன் அவற்றைத் தன் கொட்டகைக்கு எடுத்துப்போய்ப் பூட்டினார், சாவி அவரிடமே இருந்தது. மலை விவசாயக் குடும்பத்தில் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் எழுதும் பாதுகாப்புத் திட்டம் வெறும் தாள்.

பரிந்துரை சிக்கிக்கொண்ட இடம்

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவருக்குக் கடிதம் எழுதித் தாயாரிடம் கொடுத்தார்கள். பதிவேட்டில் 'அனுப்பியாயிற்று' என்று எழுதினார்கள். பத்து நாள் கழித்து ஆலோசகர் கேட்டபோதுதான் பையன் மருத்துவரைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது.

குடும்பம் அலட்சியமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. தாயார் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது ஓ.பி. சீட்டுக் கொடுக்கும் நேரம் முடிந்திருந்தது. மனநல மருத்துவர் அங்கே வருவது குறிப்பிட்ட கிழமையில்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. அன்று அந்தக் கிழமையும் இல்லை. மறுபடி போகக் கூலியை விட மனமில்லை. கேரளத்தின் சுல்தான் பத்தேரியில் தனியார் டாக்டரிடம் காட்டலாம் என்றால் கையில் பணமில்லை. ஊட்டி என்றால் கூடலூர் போய் அங்கிருந்து இன்னும் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. இதற்கிடையில் மாணவருக்கு ஒரு பயம்: மனநல டாக்டரைப் பார்த்தது எழுத்தில் ஏறினால் போலீஸ் தேர்வில் தள்ளிவிடுவார்களோ என்று. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பத்து நாளும் ஆசிரியை தினமும் இடைவேளையில் இரண்டு நிமிடம் பார்த்துப் பேசியதும், இரண்டு முறை பள்ளியிலிருந்தே 14416-க்குப் பேச வைத்ததும் இடைவெளியை ஓரளவு நிரப்பின. தற்காலிகமாகத்தான்.

இரண்டாம் முறை வேறு விதமாகச் செய்தார்கள். முந்தின நாள் மருத்துவமனைக்குப் போன் செய்து மருத்துவர் வருவதை உறுதி செய்தார்கள். முதல் பஸ்ஸில் தாயாரோடு பொறுப்பு ஆசிரியையும் போனார். தலைமையாசிரியர் அதைப் பணியாகவே எழுதினார். கடிதத்தில் 'மனநோய்' என்ற சொல் இல்லை. கவனித்த ஐந்து விஷயங்கள் தேதியோடு இருந்தன. மருத்துவருக்கு நேரம் குறைவு, கதையாக எழுதிய இரண்டு பக்கத்தை அவர் படிக்க மாட்டார். கடிதத்தோடு அரைத்தாள் ஒன்று இணைத்தார்கள். மருத்துவர் அதில் நிரப்ப வேண்டியவை மூன்றே: அடுத்த தேதி, மருந்து உண்டா இல்லையா, பள்ளி செய்ய வேண்டியது என்ன. நோயின் பெயருக்கு அதில் இடமில்லை, பள்ளிக்கு அது தேவையுமில்லை. ரகசியம் காக்கப்படுவது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தரும் உரிமை என்பதையும், மாற்றுச் சான்றிதழிலோ நன்னடத்தைச் சான்றிதழிலோ ஒரு வரியும் வராது என்பதையும் தலைமையாசிரியரே மாணவரிடம் சொன்னார்.

மருத்துவர் மாத்திரை எழுதினார், ஆலோசனையும் தொடரச் சொன்னார். மாத்திரை வேலை செய்ய 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் வாரங்களில் வாரத்துக்கு ஒருமுறையாவது பார்த்துப் பேச வேண்டும். இளம் வயதினருக்கு இந்த வகை மருந்தின் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்பேட்டில் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் உத்தரவிட்டது. மாத்திரையை நிறுத்துவதற்காகச் சொல்லப்பட்ட எச்சரிக்கை இல்லை இது. ஆரம்ப வாரங்களில் கண்காணிக்கச் சொல்வது.

பள்ளி மாற்றிக்கொண்டவை

ஆலோசனை நேரம் பள்ளி வேளைக்குள் 30 நிமிடம் என்றானது. எந்தப் பாடவேளையில் என்பதில் முதலில் சறுக்கினார்கள். எல்லோருக்கும் சம்மதமான வேளை என்று விளையாட்டு வேளையை எடுத்தார்கள். மனச்சோர்வில் இருக்கும் பையனிடமிருந்து மிச்சமிருந்த ஒரே மகிழ்ச்சியையும் பிடுங்குவது அது. இரண்டாம் வாரமே நூலக வேளைக்கு மாற்றினார்கள், மாதம் ஒருமுறை வேறு வேளை. ஒரே பாடம் தொடர்ந்து போனால் அந்தப் பாட ஆசிரியர் கேட்பார், வகுப்பும் கேட்கும்.

அறையை நூலகத்தின் பின்புறத்துக்கு மாற்றினார்கள். பலகை இல்லை. கதவில் கண்ணாடி உண்டு; உள்ளே இருவர் இருப்பது தாழ்வாரத்திலிருந்து தெரியும், பேச்சு கேட்காது. குழந்தைப் பாதுகாப்புக்கு இரண்டும் வேண்டும்.

ஆலோசனையை ஆசிரியையே செய்யாமல் ஆலோசகரிடம் விட்டதற்குக் காரணம் உண்டு. பிகாரின் நாளந்தா மாவட்டப் பள்ளிகளில் நடத்தி 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட செஹர் ஆய்வில், ஒரே பள்ளி நலத் திட்டத்தை இதற்கென்றே அமர்த்திய ஆலோசகர்கள் நடத்தியபோது பள்ளிச் சூழலும் மாணவரின் மனச்சோர்வும் மேம்பட்டன. ஆசிரியர்கள் நடத்தியபோது பலன் தெரியவில்லை. மார்க் போடுபவரிடம் மனதைத் திறப்பது கடினம் என்பது எந்த மாணவருக்கும் தெரியும். ஆசிரியரின் வேலை கண்டுபிடிப்பதும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும். அதுவே போதுமான வேலை.

ஆலோசகர் பிரச்சினை தீர்க்கும் முறையை எடுத்தார்: பிரச்சினைகளை எழுது, மாற்றக்கூடிய ஒன்றை எடு, வழிகளைப் பட்டியலிடு, ஒன்றைச் செய்து பார், அடுத்த வாரம் சரிபார். மாணவர் முதலில் எடுத்தது தாமதமாக வந்தால் வாயிலில் நிற்கவைக்கப்படுவதை. பள்ளி அந்தத் தண்டனையை இவருக்கு மட்டுமின்றி எல்லோருக்கும் நிறுத்தியது. ஒருவருக்கு மட்டும் நிறுத்தியிருந்தால் காரணம் வெளியே வந்திருக்கும். தாமதமானால் பெயர் எழுதிவிட்டு நேரே வகுப்புக்கு.

வேறு வேறு நோட்டில் கிடப்பவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 நிமிடக் கூட்டம் தொடங்கியது. வகுப்பு ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், நூலகப் பொறுப்பாளர், பொறுப்பு ஆசிரியை. தூக்கம், வருகை, சாப்பாடு, பழகும் விதம் ஆகியவற்றில் இரண்டு வாரமாக மாற்றம் தெரியும் பெயர்கள் மட்டும் பேசப்படும். பரிந்துரைப் பதிவேட்டில் 'அனுப்பியாயிற்று' என்ற கட்டம் அடிக்கப்பட்டு, கடிதம் கொடுத்த நாள், மருத்துவரைப் பார்த்த நாள், அரைத்தாள் திரும்பிய நாள் என்று மூன்று கட்டங்கள் வந்தன. மூன்றாவது நிரம்பும்வரை அந்தப் பெயர் ஒவ்வொரு கூட்டத்திலும் வரும்.

நண்பனையும் ஆலோசகர் தனியாகச் சந்தித்தார். சொன்னது காட்டிக்கொடுத்ததாகாது என்பதையும், இரவுக் காவல் இனி அவன் வேலையில்லை என்பதையும் அவனுக்கு யாராவது சொல்லவேண்டியிருந்தது. மாணவத் தோழர் குழு அமைக்கும் பள்ளிகள் பெரும்பாலும் இதைத் தவறவிடுகின்றன.

தொடர்ந்து நடந்தவை

ஆறாவது வாரம் மனச்சோர்வுப் படிவ மதிப்பெண் 10, ஒன்பதாவது கேள்வியில் 0. தூக்கம் ஐந்து மணிவரை நீண்டது. கபடிக்குத் திரும்பவில்லை, ஆனால் மைதானத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

அரையாண்டு விடுமுறைக்குத் திருப்பூருக்குத் தந்தையிடம் போனார். மாத்திரை என்று எதையோ கொடுத்துப் பையனைக் கெடுக்கிறார்கள் என்று தந்தை அதை நிறுத்தினார், போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். 11 நாள் மருந்தில்லை. ஜனவரி நடுவில் படிவ மதிப்பெண் 14. தந்தையை அதுவரை யாரும் சந்திக்கவே இல்லை. தாயாரோடு பேசியதே போதும் என்று இருந்துவிட்டார்கள். பொங்கலுக்கு அவர் ஊரில் இருந்தபோது மருத்துவரே பத்து நிமிடம் அவரோடு பேசினார். போன் விஷயத்தில் சமரசம் ஏற்பட்டது: இரவு பத்து மணிக்கு மேல் அடுக்களையில் சார்ஜில் இருக்கும், பகலில் பையனிடம் இருக்கும். முழுக்கப் பிடுங்கினால் நண்பனும் உதவி எண்ணும் சேர்ந்தே போய்விடும்.

மார்ச்சில் படிவ மதிப்பெண் 6. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, இரண்டில் எல்லையில்தான். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டில் பரிந்துரைக்கப்பட்ட மற்ற இருவரில் ஒருவருக்கு மூன்றாவது கட்டம் நிரம்பியது. இன்னொரு மாணவியின் குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டது. புதிய பள்ளிக்குத் தகவல் போகவில்லை, குடும்பத்தின் ஒப்புதலைக் கேட்பதற்குள் அவர்கள் போய்விட்டார்கள்.

அடுத்து மாற்ற வேண்டியவை

கூடத்தில் மொத்தமாகப் படிவம் கொடுப்பது கைவிடப்பட்டது. இனி 15 பேர் கொண்ட குழுக்களாக, ஆலோசகர் வரும் நாளின் காலையில் கொடுத்து, மதியத்துக்குள் ஒன்பதாவது கேள்வியைப் பார்த்து, தேவைப்பட்டவரிடம் மாலை பஸ்ஸுக்கு முன் பேசி முடிக்க வேண்டும். ஒரு நாளில் அதற்கு மேல் முடியாது.

இரு பெற்றோரில் வெளியூரில் இருப்பவரிடம் மருந்து தொடங்கிய வாரமே போனில் பேசுவது பதிவேட்டில் நான்காவது கட்டமாகச் சேர்கிறது.

தேவாலா, சேரம்பாடி பக்கம் ஜூன், ஜூலையில் அடைமழை. மழை விடுமுறையும் மரம் விழுந்து சாலை அடைபடுவதும் சாதாரணம். ஒரு மாத மாத்திரை தீரும் தேதி மழை வாரத்தில் விழுந்தால் என்ன செய்வது என்று மே மாதமே கேட்டு, கூடுதலாக ஒரு வாரத்துக்கான மாத்திரை தர முடியுமா என்பதை மருத்துவரிடம் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அது தாயாரின் பொறுப்பில் பூட்டி இருக்க வேண்டும்.

தீராமல் இருப்பது கோடை விடுமுறை. ஏப்ரல் முடிவிலிருந்து ஜூன் வரை கூட்டமும் இல்லை, இடைவேளைப் பேச்சும் இல்லை. பதிவேடு பீரோவில் பூட்டிக் கிடக்கும். விடுமுறையில் பட்டியலில் உள்ள பெயர்களுக்கு வாரம் ஒருமுறை போன் செய்ய ஆலோசகருக்கு ஒரு மாத ஊதியம் தேவை என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பணம் எங்கிருந்து என்பது இன்னும் முடிவாகவில்லை. அதுவரை பொறுப்பு ஆசிரியையே அழைக்கிறார்.